வீட்டில் சுட்ட பன்னைப் பரிசாகக் கொடுக்க: டெல்டா சமையலறைக்கு ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கையில் ஒரு பிரெட் பாக்கெட்டோடு யார் வீட்டுப் படியேறினாலும் "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காய்ச்சலில் பாலில் தோய்த்துத் தின்பது, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள், ஹார்லிக்ஸோடு சேர்த்து வாங்கிப் போவது என்று நெல் விளையும் நம் ஊரில் பிரெட்டுக்கு அப்படியொரு இடம் அமைந்துவிட்டது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பன்னும் அவசரப் பசிக்கு வாங்குவதுதான். அதனால் வீட்டிலேயே மாவு பிசைந்து, பொங்கவைத்து, சுட்டு, ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டும்போது வாங்குகிறவருக்கு முதலில் ஒரு தயக்கம் இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் வரும் வாசனையில் அந்தத் தயக்கம் போய்விடும், அது அன்றைக்குச் சுட்டதாக இருந்தால்.

எல்லாம் அந்த "அன்றைக்கு" என்பதில்தான் இருக்கிறது. முறுக்கும் அதிரசமும் டப்பாவில் பத்து நாள் காத்திருக்கும். பன் காத்திருக்காது. எனவே இந்த வேலையில் முதல் முடிவு எந்த மாவு, எந்த டின் என்பதெல்லாம் கிடையாது. அவர்கள் அதை எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் மற்ற எல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

யாருக்கு, எந்த நாளில்

தீபாவளிக்கு முதல் நாளும் பொங்கலன்றும் பன் கொண்டுபோக வேண்டாம். அந்த வீடுகளில் அன்றைக்குப் பலகாரம் வைக்கவே இடம் இருக்காது. உங்கள் பன் அலமாரி மேல் ஏறி, மூன்றாம் நாள் பூசணம் பிடித்து இறங்கும். தீபாவளி முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். இனிப்பும் எண்ணெயும் திகட்டிப்போன வீட்டில் வெறும் பன்னும் காபியும் போல வரவேற்பு பெறுவது வேறில்லை.

போகும் முன் காலண்டரை ஒருதடவை பார்த்துவிடுங்கள். அமாவாசை, ஏகாதசி, கிருத்திகை, சஷ்டி, புரட்டாசிச் சனிக்கிழமை என்று விரதம் இருப்பவர் வீட்டில் உங்கள் பன் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். சில வீடுகளில் பெரியவர்கள் வெளியில் சமைத்த எதையும் சாப்பிடுவதில்லை. அங்கே பழத்தட்டே போதும். அவர்களைத் தர்மசங்கடத்தில் நிறுத்துவது பரிசாகாது. துக்க வீட்டுக்கு என்றால் அந்த வீட்டு வழக்கம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை.

நல்ல நாள்கள் நிறைய இருக்கின்றன. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்கு, சாமான் பிரித்து முடிக்காத முதல் நாள் மாலை. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து லீவில் வந்திருப்பவருக்கு, வந்து ஒரு வாரம் ஆன பிறகு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஜூன் 13 அந்தோணியார் திருநாளில் கத்தோலிக்கக் கோயில்களில் ரொட்டியை மந்திரித்துப் பங்கிடும் வழக்கம் உண்டு. அன்றைக்கு வீட்டில் சுட்டதைக் கொடுத்தால் அதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னும் பின்னும், செப்டம்பர் 8 பெருவிழா வரைக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் சாலைகளில் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்குச் சின்னச் சின்னதாக, உள்ளே எதுவும் வைக்காத பன் கொடுங்கள். வெயிலில் பையில் கிடந்தாலும் ஒரு பொழுது தாங்கும்.

நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம் பக்கம் இஸ்லாமிய நண்பர் வீட்டுக்கு ரமலான் மாதத்தில் கொடுப்பதானால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். நோன்புக் கஞ்சியோடு அன்றைக்குச் சுட்ட பன் மிக நன்றாகச் சேரும். கடையில் விற்கும் வெனிலா எசென்ஸ் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும். ஆகவே அதைத் தொடவே வேண்டாம், ஏலக்காய் போதும்.

முட்டை விஷயத்தில் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பரிசுக்குச் செய்யும் பன்னில் முட்டை வேண்டாம், மேலே பளபளப்புக்குத் தடவவும் வேண்டாம். மாவில் முட்டை இல்லாவிட்டாலும் மேலே தடவியது முட்டைதான். பாலைத் தடவிச் சுட்டு, எடுத்ததும் வெண்ணெயோ நெய்யோ பூசினால் நல்ல நிறம் வந்துவிடும். எந்த வீட்டுக்கும் தயங்காமல் கொண்டுபோகலாம்.

பிரெட்டா, பன்னா

என் தீர்ப்பு பன் பக்கம்தான். முழு பிரெட்டை வெட்டப் பல் வைத்த நீளக் கத்தி வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் அது இருக்காது. அன்றைக்குச் சுட்ட மெத்தென்ற பிரெட்டை அரிவாள்மணையில் வைத்து அழுத்தினால் நசுங்கிக் களியாகும். கொடுத்த பொருள் அழகாக இருந்தும் சாப்பிடும்போது அசிங்கமாகிவிடுவது பெரிய வருத்தம். பன் என்றால் கையால் பிய்த்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, அதற்கு மேல் இரண்டு வைத்துக் கொடுக்கலாம். ஒட்டி ஒட்டி வைத்துச் சுட்டால் பக்கங்கள் காயாமல் மெத்தென்று இருக்கும், பயணத்திலும் உடையாது.

முழு பிரெட் இரண்டு இடங்களுக்குத்தான் சரி: கத்தி வைத்திருக்கும் வீடு, அல்லது மறுநாள் காலை சாப்பிடப்போகும் வெளியூர் வீடு. வெட்டாத பிரெட் பன்னைவிட மெதுவாகக் காயும்.

மணியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

சாயங்காலம் நாலு மணிக் காபி வேளைக்கு அவர்கள் சாப்பிட வேண்டும், அவர்கள் வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு பஸ் ஏறுவது மாதிரி. நாலு மணிக்குச் சாப்பிட வேண்டுமானால் இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். கட்டுவதற்கு முன் ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆகப் பன்னிரண்டே முக்காலுக்குள் அடுப்பை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். சுட இருபத்தைந்து நிமிடம். உருட்டிவைத்து இரண்டாவது முறை பொங்க முக்கால் மணி நேரம். உருட்ட கால் மணி. மாவு முதல் முறை பொங்க ஒரு மணி நேரம். பிசைய அரை மணி, மாவில் சேர்க்கும் அரிசி மாவுக் கஞ்சியைக் காய்ச்சி ஆறவைக்க முக்கால் மணி. எண்ணிப் பார்த்தால் ஒன்பது மணிக்கு நீங்கள் அடுப்படியில் நிற்க வேண்டும். இது கோடைக் கணக்கு. கார்த்திகை, மார்கழியில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுங்கள்.

இதில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் குறுக்கே வரலாம். அந்த நாளில் காலையில் போகும் கரண்ட் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். எந்தப் பகுதியில் எந்த நாள் என்பது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் முதல் நாள் இரவே பிசைந்து, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, காலை ஐந்து மணிக்கு எடுத்து உருட்டிக் கரண்ட் போகும் முன் சுட்டு முடிக்கலாம். இரவெல்லாம் குளிரில் மெதுவாகப் பொங்கிய மாவுக்கு ருசியும் கூடுதல். குளிர்ந்த மாவு என்பதால் இரண்டாவது பொங்கலுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மாவு

இந்த அளவில் ஐம்பது கிராம் எடையில் பன்னிரண்டு பன் வரும். ஒரு வீட்டுக்கு மொத்தமாகவோ, இரண்டு வீட்டுக்கு ஆறு ஆறாகவோ கொடுக்கலாம்.

மைதா 300 கிராம்
மாப்பிள்ளைச் சம்பா அரிசி மாவு 25 கிராம்
காய்ச்சி ஆறிய பால் 235 மில்லி
சர்க்கரை 30 கிராம்
உப்பு 6 கிராம் (தூள் உப்பு, ஒரு மட்டமான தேக்கரண்டி)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (கோடையில் 3 போதும்)
வெண்ணெய் 30 கிராம்
வினிகர் ஒரு தேக்கரண்டி
ஏலக்காய் இரண்டு, பொடித்தது

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். டம்ளர் கணக்கில் பன் செய்தால் ஒருநாள் வருவது மறுநாள் வராது. பரிசுக்கு அது ஆகாது.

அரிசி மாவு எதற்கு என்று கேட்பீர்கள். மைதாவைத் தண்ணீரில் பிசையும்போது உண்டாகும் இழைப் பசைதான் காற்றைப் பிடித்துவைத்துப் பன்னைத் தூக்குகிறது. அரிசியில் அந்தப் பசை கிடையாது. பச்சையாக அதிகம் சேர்த்தால் பன் கனத்துப்போகும். ஆனால் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்தால் கதை மாறுகிறது. அறுபத்தைந்து, எழுபது டிகிரி சூட்டில் அரிசி மாவின் ஸ்டார்ச் வெந்து தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் சுட்ட பிறகும் பன்னுக்குள்ளேயே நிற்கும். அதனால் மறுநாளும் பன் மெத்தென்று இருக்கும். பரிசாகக் கொடுக்கும் பன்னுக்கு இந்த ஒருநாள் அவகாசம் பெரிய விஷயம். மாப்பிள்ளைச் சம்பாவின் மெல்லிய செம்மை நிறமும் பன்னில் தெரியும். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்துப் பரப்பியதால்தான் இன்றைக்கு இந்த அரிசி நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. டெல்டாவிலிருந்து கொடுக்கும் பன்னில் டெல்டாவின் நெல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கிடைக்காவிட்டால் சாதாரணப் பச்சரிசி மாவோ, மைதாவையோகூட இதேபோல் கஞ்சி காய்ச்சிச் சேர்க்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "மாப்பிள்ளைச் சம்பா போட்டது, சுகர் ஏறாது" என்று யாரிடமும் சொல்லிக் கொடுக்காதீர்கள். முந்நூறு கிராம் மைதாவில் இருபத்தைந்து கிராம் சம்பா எதையும் மாற்றிவிடாது. சர்க்கரை நோய் உள்ளவர் வீட்டுக்கு என்றால் சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, பாதி மைதாவுக்குக் கோதுமை மாவு போட்டு, அளவில் சின்னதாக உருட்டுங்கள். அதுவும் மாவுப்பண்டம்தான் என்பது அவர்களுக்கே தெரியும், அவர்கள் பார்த்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்போது வேலை. அரிசி மாவை 125 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டி இழுத்த தடம் ஒரு நொடி அப்படியே நிற்கும் பதம் வந்ததும் இறக்கி, ஆடை படியாமல் மூடி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறவிடுங்கள். சூடான கஞ்சியில் ஈஸ்ட் செத்துப்போகும். பால் பச்சையாக இருக்கக் கூடாது, பொங்கக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். காய்ச்சாத பாலில் உள்ள ஒருவகைப் புரதம் மாவைத் தளர்த்தும். நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் யாரும் வைப்பதில்லை என்பதால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அகலமான பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், ஏலக்காயைக் கலந்து, நடுவில் கஞ்சியையும் வினிகரையும் மீதிப் பாலில் 100 மில்லியையும் விடுங்கள். மீதமுள்ள பத்து மில்லியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாவே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அப்போது அது தேவைப்படாமலும் போகலாம். ஒன்றாகச் சேர்ந்ததும் மூடிவைத்து கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்தக் கால் மணியில் பாதி வேலையை மாவே செய்துகொள்ளும். பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகத் தேய்த்துத் தேய்த்துப் பிசையுங்கள். முதலில் கையில் ஒட்டும். அதற்கு மேல்மாவு தூவாதீர்கள், தூவினால் பன் இறுகும். பாதி பிசைந்த பிறகு வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். டேபிள் டாப் கிரைண்டரோடு வரும் மாவு பிசையும் துடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்தலாம், கை வலி மிச்சம். ஒரு நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரண்டு கையாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் அந்தப்பக்க வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வந்தால் பிசைந்தது போதும்.

வினிகரைத் தேவையில்லாதது என்று விட்டுவிடாதீர்கள். நம் புழுக்கத்துக்கு அது காவல். மாவில் இருக்கும் பாசில்லஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் பன் சுடும் சூட்டில் சாகாது, ஏனென்றால் ஓவன் எவ்வளவு சூடானாலும் பன்னின் உட்புறம் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. சித்திரை, வைகாசி வெக்கையில் அவை இரண்டாம் நாளே பெருகிப் பன்னின் நடுவைப் பிசுபிசுப்பாக்கும்; பிய்த்தால் நூல்நூலாக வரும், அழுகிய அன்னாசிப் பழ வாசனை அடிக்கும். லேசான புளிப்பு அவற்றை அடக்கிவைக்கும். ஒரு தேக்கரண்டி வினிகரின் சுவை பன்னில் தெரியவே தெரியாது.

பொங்கவைத்தல்

கடிகாரத்தை நம்புவதைவிட மாவை நம்புங்கள். கோடையில் சமையலறை முப்பத்தைந்து டிகிரியைத் தொடும். நாற்பது நிமிடத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். அப்போது பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்று ஊற்றிப் பிசையுங்கள், பாத்திரத்தைத் தரையில் ஈரத்துணி மேல் வையுங்கள். வேகமாகப் பொங்கிய மாவில் ஈஸ்ட் வாடை தூக்கலாக நிற்கும், ருசி இருக்காது. மார்கழிக் காலையில் இதற்கு நேர்மாறு. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், அந்தக் கதகதப்பு போதும்.

இரட்டிப்பானதும் விரலை உலர்ந்த மைதாவில் தொட்டுக்கொண்டு, பொங்கிய மாவின் நடுவில் ஒரு குழி போடுங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல, பாதி மட்டும் ஏறி நின்றால் சரி. சுற்றிலும் அமுங்கிப் போனால் தாண்டிவிட்டது. கவலைப்படாமல் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு உருட்டுங்கள், இரண்டாவது பொங்கலைக் கொஞ்சம் சீக்கிரமாக முடித்துக்கொள்ளலாம்.

மாவைப் பன்னிரண்டாகத் தராசில் நிறுத்துப் பிரியுங்கள். ஒரே அளவாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும், கொடுக்கும்போதும் பெரிசு சிறிசு என்று பிள்ளைகள் சண்டை போடாது. உள்ளங்கைக் குழிவில் வைத்து மேற்புறம் இழுத்துப் பிடித்த மாதிரி உருட்டி, மடிப்பு அடியில் போகும்படி, வெண்ணெய் தடவிய 9 அங்குலச் சதுர டின்னில் மூன்றுக்கு நான்காக அடுக்குங்கள். இரண்டு வீட்டுக்கு என்றால் 7 அங்குல வட்ட டின் இரண்டில் சுற்றிலும் ஐந்து, நடுவில் ஒன்று. ஈரத்துணி போட்டு மூடி, ஒன்றையொன்று தொட்டுப் புடைக்கும் வரை விடுங்கள்.

சுடுதல்

ஓடிஜியை (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 180 டிகிரியில் கால் மணி நேரம் முன்கூட்டியே சூடாக்குங்கள். மேலே பாலைத் தடவி, கீழ்த்தட்டில் வைத்து 20 முதல் 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் நகராமல் நின்று பாருங்கள், சின்ன ஓவன்களில் மேற்கம்பி அருகில் இருப்பதால் சட்டென்று கருகிவிடும். நடுவில் இருக்கும் பன்னின் உட்புறம் 92, 93 டிகிரி வந்திருந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லாவிட்டால் நடுப்பன்னைத் தூக்கி அடியில் விரலால் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் வர வேண்டும்.

ஓவன் இல்லாத வீட்டிலும் செய்யலாம். அடிகனமான இரும்புச் சட்டியில் ஒரு அங்குலத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையத் தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் காயவிடுங்கள். டின்னை இறக்கிவைத்து மூடி, சிறு தீயில் 30 முதல் 35 நிமிடம். மேற்புறம் வெளிறித்தான் இருக்கும். எடுத்ததும் தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நிமிடம் வைத்தால் பொன்னிறம் வந்துவிடும்.

சுட்டு எடுத்த உடனே, சூட்டோடு சூடாக மேலே வெண்ணெய் பூசுங்கள். ஐந்து நிமிடத்தில் டின்னிலிருந்து கவிழ்த்து எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் அடி வியர்க்கும்.

ஆறவைத்தல்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சூடாகக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடி எடுத்துப் போனால், உள்ளே ஆவி நீராகிச் சொட்டும், மேல்தோல் சுருங்கி ஈரப்பஞ்சாகும், மறுநாள் பச்சையாகப் பூத்துவிடும். கம்பித் தட்டில் வைத்து, கீழேயும் காற்று புகும்படி, குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆறவிடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், தோல் காய்ந்துவிடும். ஈ மொய்க்காமல் மெல்லிய மல்துணி போட்டு மூடுங்கள். எறும்புக்கு, தட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழியே சிறந்தது. அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புகூட இல்லாமல் இருந்தால்தான் கட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்கு, அடுத்த தெருவுக்கு என்றால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். ஒரு தட்டில் வைத்துத் துணி மூடி, வெதுவெதுப்பாகவே கொண்டுபோய் உடனே சாப்பிடச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் இருப்பதன் சலுகை அது.

கட்டுதல்

வாழையிலைதான் நம் கைக்கு முதலில் வரும், வர வேண்டும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கம் நல்ல இலைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பச்சை இலையில் நேராகப் பன்னைச் சுற்றினால் இலையின் ஈரம் பன்னில் ஏறும். இலையைத் தணலில் வாட்டி, துடைத்து, நன்றாக ஆறிய பிறகு விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு, பேப்பருக்குள் பன்னை வைத்து இரண்டையும் சேர்த்து மடியுங்கள். கட்டுவதற்கு வாழைநார். இதைவிட நன்றாக இருப்பது வாழைச்சருகு. காய்ந்ததால் ஈரம் இல்லை, லேசான மணமும் உண்டு. பூக்கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.

வெளியே மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே கல்யாணத் தாம்பூலம் வாங்கிய மஞ்சப்பைகள் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் மடித்துக் கிடக்கின்றன. துவைத்துத் தேய்த்து ஒன்றை எடுங்கள். துணிக்குள் காற்று புகும், பன் வியர்க்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் துணிப்பை போதாது. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்துப் பைக்குள் போடுங்கள்.

டப்பாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் யாரும் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு வாழைப்பழமாவது வைத்துத்தான் தருவார்கள். நெருங்கியவர் என்றால் அது சந்தோஷம்தான், போக்குவரத்து தொடரும். வசதி குறைந்த வீட்டுக்கும், அதிகம் பழகாதவருக்கும் டப்பாவில் கொடுத்தால் பதிலுக்கு என்ன வைப்பது என்ற சுமையையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். அங்கே இலையும் பனையோலைப் பெட்டியும்தான் சரி. "பெட்டியை வெச்சுக்குங்க" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கூட வைக்க ஏதாவது வேண்டுமா என்றால், ஒரு சின்னப் பாட்டிலில் வெல்லப் பாகில் கிளறிய தேங்காய்த் துருவல் போதும். காரம் பிடித்த வீடு என்றால் பன்னைக் கும்பகோணம் கடப்பாவில் தோய்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பை இட்லிக்கு மட்டும் விட்டுவைப்பது நியாயமில்லை.

கொடுக்கும்போது

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே வைக்கும் இடத்தில் வேறொருவர் மூட்டை ஏறிவிடும். வண்டியில் போனால் முன்கொக்கியில் வெயில் படும்படி தொங்கவிட வேண்டாம்.

பிறகு, வாயால் சொல்வது. பன்னைக் கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிட்டால், "விருந்தாளி வரும்போது எடுக்கலாம்" என்று பத்திரப்படுத்திவிடுவார்கள். அல்லது குளிர்பெட்டியில் வைப்பார்கள். குளிர்பெட்டியின் சூட்டுநிலையில்தான் பன் மிக வேகமாக விறைத்துப்போகும். எனவே நேராகச் சொல்லுங்கள்: "அத்தை, காலையில சுட்டது. முட்டை இல்லை. இப்பவே காபியோட சாப்பிடுங்க, மிச்சம் இருந்தா நாளைக்குக் காலையில தோசைக்கல்லுல வெண்ணெய் போட்டு வாட்டிக்குங்க. ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க." நீங்கள் கொடுப்பது வீட்டுப் பெரியவர் கையில், சாப்பிடப்போவது பிள்ளைகள் என்றால் இதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துவிடுங்கள். சுட்ட தேதி, உள்ளே உள்ள பொருள்கள், எதுவரை சாப்பிடலாம் என்ற மூன்றும் இருக்கட்டும். பால், கோதுமை, எள், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கக்கூடும். கோடையில் மறுநாள் மாலை வரை, மற்ற நாளில் இரண்டு நாள் என்று எழுதுங்கள்.

வெளியூருக்கு

சென்னையில் இருக்கும் பிள்ளைக்கோ தங்கைக்கோ அனுப்ப, தஞ்சாவூரிலிருந்து உழவன், மன்னார்குடியிலிருந்து மன்னை என்று இரவு ரயில்கள் இருக்கின்றன. யாராவது தெரிந்தவர் போவார்கள். இதே மாவை எட்டரைக்கு நாலரை அங்குல பிரெட் டின்னில் நீளமாகச் சுருட்டி வைத்து, 180 டிகிரியில் 32 முதல் 35 நிமிடம் சுடுங்கள். மத்தியானம் சுட்டு, சாயங்காலம் வரை முழுசாக ஆறவிட்டு, வெட்டாமல் பட்டர் பேப்பரிலும் துணியிலும் சுற்றிக் கொடுத்தால் மறுநாள் காலை அங்கே நல்ல பதத்தில் போய்ச் சேரும்.

அதற்கும் தூரமாகப் போவதானால் ரஸ்க்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் இதுவே சிறந்தது. பாலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள், வேளை பார்த்துச் சாப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரெட்டை ஒருநாள் விட்டு, விரல் பருமன் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரியில் ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 நிமிடம், பிறகு ஓவனை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்துவிட்டு உள்ளேயே ஆறவிடுங்கள். நடுத்துண்டு ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் மெத்தென்று இருந்தாலும் இன்னும் பத்து நிமிடம் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஈரம் டப்பா முழுவதையும் நமத்துப்போக வைத்துவிடும். மொறுமொறுவென்று உடைந்தால் காற்றுப்புகாத டப்பாவில் அடுக்கி, இடைவெளியில் பட்டர் பேப்பரைச் செருகி அனுப்புங்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும்.